கடன்பட்ட நெஞ்சமும் மாதத் தவணையும்

கடன்பட்டவரின் நெஞ்சத்தை இலங்கை வேந்தனின் கலக்கத்துக்கு உவமையாக்கிய தொடர் ஒன்று தமிழ் வகுப்பறைகளில் தலைமுறை தலைமுறையாக ஒலித்து வருகின்றது. அதனைக் கம்பனின் வாக்கென்று சொல்லிச் செல்லும் மேடைப் பேச்சாளர் பலர். கம்பராமாயணத்தில் அத்தொடர் இல்லை. 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சீர்காழி அருணாசலக் கவிராயரின் இராம நாடகத்தோடு அதனைச் சேர்த்துச் சொல்வதே கற்றோர் வழக்கு. யார் வாக்காயினும் உவமை நிலைபெற்றுவிட்டது. கடன்பட்டவன் கலங்குவான் என்பதைக் கேட்போர் முன்பே அறிந்திருந்தாலன்றி அவ்வுவமைக்கு உயிரில்லை. இன்று மலேசியாவில் வேலைக்குச் செல்லும் இருபத்தைந்து, முப்பது வயது இளைஞரிடம் அதனைச் சொன்னால் அவர் பொருள் உணர்வாரேயன்றித் தம்மை அதில் காணமாட்டார். அவர் கடனாளிதான், ஆனால் கலங்குவதில்லை. அவர் கண்ணுக்கு அது கடனாகத் தோன்றவில்லை. மாதத் தவணையாகத் தோன்றுகின்றது.

இவ்வேறுபாட்டைத் தமிழெழுத்து இன்னும் போதிய அளவு கண்டுகொள்ளவில்லை என்பதே இங்கு ஆராயத்தக்க குறை. வறியவரின் கடனைச் சொல்லத் தமிழில் சொற்கள் நிறைய உள. ஊதாரியின் கடனைச் சொல்லவும் உள. ஊதியம் பெறுகின்ற காரணத்தினாலேயே கடன்பட அழைக்கப்படும் ஒருவரைச் சொல்லும்போது எழுத்தாளரும் கட்டுரையாளரும் பழைய இரு பெட்டிகளுள் ஒன்றில் அவரைத் திணித்துவிட்டு அமைதி கொள்கின்றனர்.

பெரும்பாலும் இரண்டாம் பெட்டியே அவருக்கு வாய்க்கின்றது. 'சிக்கனம்' என்ற தலைப்பில் மாணவர் எழுதும் கட்டுரைகளின் போக்கு ஆசிரியர் அனைவரும் அறிந்ததே. இளைஞர் ஆடம்பரத்தில் மூழ்கினர். விலையுயர்ந்த கைப்பேசி வாங்கினர். நண்பரைக் கண்டு தாமும் மகிழுந்து வாங்கினர். விரலுக்கேற்ற வீக்கம் வேண்டும் என்ற முன்னோர் மொழியை மறந்தனர். ஆகவே கடனாளி ஆயினர். இதனை எழுதும் பதினாறு வயது மாணவரின் தமையனோ தமக்கையோ அதே வேளையில் வீட்டின் மின்கட்டணத்தையும் அம்மாணவரின் தனிவகுப்புக் கட்டணத்தையும் கடன் அட்டையில் தேய்த்துக் கொண்டிருக்கலாம். கட்டுரையில் அதற்கு இடமில்லை. புள்ளியும் இல்லை.

இத்தகைய கட்டுரைகளுக்குத் துணையாக அழைக்கப்படும் குறள் ஒன்று உண்டு. வருவாய் வரும் வழி சிறிதாயினும் செலவு போகும் வழி அகலாதிருப்பின் கேடில்லை என்பது அதன் கருத்து. அக்குறள் இல்லறவியலில் இல்லை. பொருட்பாலில், அரசியலில், 'வலியறிதல்' என்னும் 48ஆம் அதிகாரத்தில் நிற்கின்றது. தன் வலி, மாற்றான் வலி, துணையின் வலி ஆகியவற்றைச் சீர்தூக்கிச் செயலில் இறங்குக என்று ஆள்வோனுக்குச் சொல்லும் அதிகாரம் அது. சிக்கன அறிவுரையாக மட்டும் அதனைப் பிரித்தெடுத்து வழங்குவோர், எதிரில் நிற்பவரின் வலியை அறியும் பாதியை விட்டுவிடுகின்றனர். மாதம் 2,500 வெள்ளி ஈட்டும் இளைஞரின் முன் நிற்கும் 'மாற்றான்' யார்? அவர் எவ்வளவு கடன் தாங்குவார், எத்தனை ஆண்டு தாங்குவார், எந்தச் சொல்லுக்கு மயங்குவார் என்றெல்லாம் கணக்கிட்டு வைத்திருக்கும் நிறுவனங்கள். போகும் வழியை அகலப்படுத்தியவர் இளைஞர் ஒருவர் மட்டுமே என்று கொள்வதற்குக் குறளில் இடமில்லை.

அவ்வழி எங்ஙனம் அகல்கின்றது என்பதைச் சிறிது நின்று காண்பது தகும். உயர்கல்விக்குச் சென்றவராயின் முதற்கடன் முதற்சம்பளத்துக்கு முன்பே வந்துவிடுகின்றது. 1997இல் அமைந்த தேசிய உயர்கல்வி நிதிக் கழகத்தின் கடனுதவி இன்றேல் பல இந்தியக் குடும்பங்களில் பட்டதாரி என்ற சொல்லே நுழைந்திராது. அக்கடனைக் குறைகூறுதல் நன்றியின்மை ஆகும். எனினும், வேலையின் முதல்நாளிலேயே ஒருவர் கடனாளியாக நாற்காலியில் அமர்கின்றார் என்பதும் மெய்.

அடுத்து வருவது வாகனம். தோட்டத்தில் பிறந்து, கிள்ளானிலோ ஷா ஆலமிலோ தொழிற்சாலையில் தொழில்நுட்பராகச் சேரும் இளைஞரை எண்ணிப் பார்க்கலாம். இரவு வேலை முடிந்து வரும் நேரத்தில் அவர் வீட்டுப் பக்கம் பேருந்து இல்லை. மகிழுந்து அவருக்கு அலங்காரம் அன்று. வேலைக்குச் செல்லும் கருவி. 50,000 வெள்ளிக் கடனை மாறா வட்டிக் கணக்கில் ஆண்டுக்கு 3 விழுக்காடு என்று 9 ஆண்டுகளுக்கு எடுத்தால் வட்டி மட்டும் 13,500 வெள்ளி. மாதந்தோறும் ஏறத்தாழ 588 வெள்ளி. விளம்பரத்தில் தெரிவது 3 என்ற எண். முதல் குறைந்து வருகையிலும் தொடக்கத் தொகைக்கே வட்டி கணக்கிடப்படுவதால் மெய்யான வட்டி 5 விழுக்காட்டையும் தாண்டும் என்பதை விற்பனையாளர் சொல்வதில்லை. வாங்குபவர் கேட்பதும் இல்லை. மாதம் எவ்வளவு என்ற ஒன்றே கேட்கப்படுகின்றது. எத்தனை மாதம் என்பது பேச்சில் அடிபட்டுப் போகின்றது. இருபத்து நான்கு வயதில் கையொப்பமிட்டவர் முப்பத்து மூன்றில்தான் விடுபடுவார். அதற்குள் அவர் மணந்திருப்பார், பிள்ளை பெற்றிருப்பார், மகிழுந்தோ பழுதுபார்ப்புக் கடையில் பாதிநாள் கிடக்கும்.

கடன் அட்டையின் கணக்கு இதனினும் நுட்பமானது. ஆண்டு வருமானம் 36,000 வெள்ளிக்கு மிகாதோர் இரு நிறுவனங்களின் அட்டைகளுக்கு மேல் வைத்திருத்தல் ஆகாது, ஒவ்வொன்றிலும் கடன் வரம்பு மாத வருமானத்தின் இருமடங்கைத் தாண்டலாகாது என்று பேங்க் நெகாரா 2011இல் வேலி இட்டது. நல்ல வேலியே. ஆயினும், 2,500 வெள்ளி ஊதியமுடையவர் 10,000 வெள்ளி வரை அட்டையிலேயே கடன்படலாம் என்பதும் அவ்வேலியின் மறுபக்கம். நிலுவையில் 5 விழுக்காட்டைக் குறைந்த அளவாகக் கட்டினால் போதும் என்ற வசதி உண்டு. 5,000 வெள்ளி நிலுவைக்கு 18 விழுக்காட்டு வட்டியில் அவ்வாறு கட்டிவருபவர், புதிதாக ஒரு காசும் செலவிடாமலே, ஓராண்டில் ஏறத்தாழ 2,470 வெள்ளி செலுத்தியிருப்பார். அப்போதும் 3,200 வெள்ளிக்கு மேல் நிலுவை நிற்கும். கட்டவேண்டியதைத் தவறாது கட்டினேன் என்று அவர் சொன்னால் அது பொய்யன்று. கலக்கம் பிறவாதது அதனாலேயே. குறைந்த அளவுத் தொகை என்பது, வட்டியைக் காட்டிலும் நெஞ்சின் அமைதியை விற்கும் ஏற்பாடு.

அண்மைக்காலத்தில் 'இப்போது வாங்கிப் பின்னர் செலுத்துக' என்னும் முறை கைப்பேசிக்குள்ளேயே புகுந்துவிட்டது. காலணி ஒரு சோடியையும் மூன்று தவணையில் வாங்கலாம். இத்தகைய கடன்களையும் கட்டுக்குள் கொணரும் நுகர்வோர் கடன் சட்டத்தை நாடாளுமன்றம் 2025இல்தான் நிறைவேற்றியது. 2023ஆம் ஆண்டு இறுதியில் நாட்டின் குடும்பக் கடன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 84 விழுக்காடாக இருந்தது. இளைஞர் சிலரின் ஒழுக்கக்கேடு இத்தகைய எண்ணை உண்டாக்காது.

இனி, எழுத்தாளர் பக்கம் திரும்பலாம். மலேசியத் தமிழ்ப் புனைகதைக்குக் கடன் புதிய பொருளன்று. தோட்டத்து மளிகைக் கடையின் பற்றுப் புத்தகம், கங்காணி கொடுத்த முன்பணம், கள்ளுக்கடைப் பாக்கி ஆகியன நெடுங்காலம் அதன் கதைப் பொருளாயின. கங்காணி வழி ஆள் சேர்த்தல் 1938இல் இந்திய அரசு விதித்த தடையோடு ஓய்ந்தது. ஆயினும் கப்பற் செலவையும் முன்பணத்தையும் கழிக்கவே ஆண்டுகள் போயின என்ற நினைவு பாட்டன்மார் பேச்சில் தங்கிற்று, கதைகளிலும் தங்கிற்று. மறுபுறத்தில், கடன் கொடுப்பவரின் உலகைப் ப. சிங்காரம் எழுதினார். 'கடலுக்கு அப்பால்', 'புயலிலே ஒரு தோணி' ஆகிய இரு நாவல்களிலும் வட்டிக்கடையின் மேலாளும் அடுத்தாளும் பெட்டியடிப் பையனும் உயிரோடு நடமாடுகின்றனர். பினாங்கிலும் மெடானிலும் கடன் கொடுத்தவருக்கு முகம் இருந்தது, குரல் இருந்தது, சாதி இருந்தது, ஊர் இருந்தது. வாங்கியவன் தெருவில் அவரைக் கண்டால் ஒதுங்க வேண்டியிருந்தது. கதை பிறப்பதற்கு அவ்வொதுங்கலே போதுமானது.

இன்றைய கடனில் ஒதுங்குவதற்கு எதிரில் ஆளில்லை. அடகாக வைக்கப்படுவது நகையும் இல்லை, நிலமும் இல்லை. மூன்று மாதச் சம்பளச் சீட்டின் நகல். கங்காணியின் முன்பணமும் இனிமேல் செய்யப்போகும் உழைப்பின் மேல்தான் கொடுக்கப்பட்டது, இதுவும் அவ்வாறே. இரண்டும் ஒன்றெனச் சாதிப்பது மிகை. தொழிலாளி தோட்டத்தை விட்டுச் செல்ல இயலாதிருந்தார். இன்றைய இளைஞர் வேலையை விடலாம், சட்டம் தடுக்காது. தவணைதான் தடுக்கும். பிடிக்காத வேலையில் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்போரில் எத்தனை பேர் முதலாளிக்கு அஞ்சி இருக்கின்றனர், எத்தனை பேர் மாதத்தின் 5ஆம் தேதிக்கு அஞ்சி இருக்கின்றனர் என்பது ஒரு நாவலாசிரியர் கேட்கவேண்டிய கேள்வி.

தவணை என்ற சொல் எப்போதும் கேட்டுக்கே பயன்பட்டதென்று எண்ணவேண்டா. 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தோற்றுவித்த தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் தோட்டத் தொழிலாளர் சிறுசிறு தவணையாகப் பங்குப்பணம் கட்டினர்; துண்டாடப்பட்டு விற்பனைக்கு வந்த தோட்டங்களை அச்சங்கம் வாங்கிற்று. பால் வெட்டியவர் நிலத்துக்குப் பங்காளியானார். தேய்ந்துபோகும் பொருளுக்காக ஒன்பதாண்டு கட்டுவதும் தவணை, அதுவும் தவணை. சிற்றளவில் 'கூட்டு' என்னும் சீட்டு முறையும் இருந்தது. ஏமாற்றுக்காரர் மிகுந்தமையால் 1971இல் சட்டம் அதனைத் தடைசெய்தது. மோசடி போயிற்று; ஆனால் அவசரத்துக்குப் பக்கத்து வீட்டாரிடையே பணம் புரட்டும் பழக்கமும் அதனோடு மெலிந்தது. அவ்வெற்றிடத்தில் வங்கியும் நுழைந்தது, வட்டி முதலையும் நுழைந்தது.

கடன்படும் காரணங்களுள் மிகக் குறைவாக எழுதப்பட்டதும் மிக ஆழமானதும் வேறொன்று. தமிழில் கடன் என்ற சொல் வாங்கிய பணத்தையும் குறிக்கும். செய்யவேண்டிய கடமையையும் குறிக்கும். குறளில் அச்சொல் வருமிடங்களில் கடமைப் பொருளே ஓங்கி நிற்கின்றது. வறுமையை நல்குரவு, இரவு, இரவச்சம் என மூன்று அதிகாரங்களில் தொடர்ந்து பேசிய வள்ளுவர், பணக்கடனுக்கெனத் தனி அதிகாரம் வகுக்கவில்லை. தாய்க்கும் தந்தைக்கும் கொல்லனுக்கும் வேந்தனுக்கும் உரிய கடன்களை வகுத்துச் சொன்ன பொன்முடியாரின் புறப்பாடலும் (312) கடமையையே பேசுகின்றது. மகனின் கடன் போர்க்களத்தில் என்பது அப்பாடலின் முடிபு. இக்காலத்து மகனின், மகளின் கடன் எங்கே உளது?

தங்கையின் திருமணத்தில் உளது. மண்டப வாடகையும் சாப்பாட்டுச் செலவும் மாப்பிள்ளை வீட்டாரின் எதிர்பார்ப்பும் சேர்ந்து நிற்கையில், குடும்பத்தில் சம்பளச் சீட்டு வைத்திருப்பவர் ஒருவரே. 'நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும், ஐயா' என்று தாய் சொல்லும்போது அது கட்டளையுமன்று, இரப்புமன்று, உரிமை. மகன் தனிநபர் கடன் எடுக்கின்றார். 2013க்குப் பின் அத்தகைய கடனுக்குப் பத்தாண்டே உச்சவரம்பு. பத்தாண்டு என்பது தங்கையின் மூத்த பிள்ளை பள்ளியில் மூன்றாம் ஆண்டு படிக்கும் காலம் வரை. தோட்டம் வீட்டுமனைத் திட்டமாக மாறியபின் பெற்றோருக்கு ஒரு கூரை வேண்டும். தம்பி தனியார் கல்லூரியில் சேர்ந்துவிட்டார். தந்தையின் இறுதிச் சடங்கைக் குறைவுறச் செய்ய மனம் வராது. ஒவ்வொன்றும் கடமை. ஒவ்வொன்றும் கடனாகிறது. எதனையும் ஆடம்பரம் என்று ஒதுக்கிவிட இயலாது. அதே வேளையில், திருமணத்தில் ஐந்நூறு பேருக்கு விருந்து வைப்பது கடமையின் எல்லைக்குள் வருமா என்ற கேள்வியை எழுப்பாத எழுத்தாளரும் தம் பணியைச் செய்தவராகார். கடமையின் பெயரால் வருவதை மறுக்க இளையவருக்குச் சொல்லில்லை. மறுப்பின் அவர் நன்றியற்றவர், ஏற்பின் கடனாளி. மறுக்கும் சொல்லைக் கண்டுபிடித்துத் தருதல் இலக்கியத்துக்கு உரிய வேலை. அதனை எந்த வங்கியும் செய்யாது.

பிணைக் கையொப்பமும் இவ்வகையைச் சார்ந்ததே. அண்ணனின் வாகனக் கடனுக்குத் தம்பி கையொப்பமிட்டுத் திவாலான கதைகள் பல வீடுகளில் உண்டு. 2017இல் திவால் சட்டம் நொடிப்புநிலைச் சட்டமாக மாறியபோது, ஆதாயம் கருதாது கல்விக்கும் சொந்த வாகனத்துக்கும் குடியிருக்கும் வீட்டுக்கும் பிணைநின்றோரைத் திவாலாக்குதல் நிறுத்தப்பட்டது. திவாலுக்குரிய குறைந்த கடன் தொகையும் 30,000 வெள்ளியிலிருந்து 50,000 ஆகவும், 2020இல் 100,000 ஆகவும் உயர்ந்தது. உறவின் பொருட்டு நின்றவனைத் தொழில் பொருட்டு நின்றவனிடமிருந்து சட்டம் பிரித்தறிந்துவிட்டது. 'ஊரைக் கேளாமல் கையொப்பமிட்டான்' என்று அவனையும் ஊதாரிக் கணக்கில் சேர்க்கும் கதைகள் அதன் பின்னும் வருமாயின் எழுத்து சட்டத்துக்கும் பின்தங்கியதாகிவிடும்.

கடன் பற்றிய சிறுகதைகளில் அடிக்கடி காணப்படும் முடிவுகள் இரண்டு. கடன்பட்டவர் தூக்கில் தொங்குவார். அல்லது முதியவர் ஒருவரின் அறிவுரை கேட்டுத் திருந்துவார். வட்டி முதலையின் அடியாள் வீட்டுக் கதவில் சிவப்புச் சாயம் ஊற்றுவது வழக்கமான உச்சக்காட்சி. உரிமம் பெற்ற வட்டித் தொழிலர் ஈடில்லாக் கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வாங்கலாகாதென 1951ஆம் ஆண்டு வட்டித் தொழில் சட்டம் கூறுகையில், உரிமமில்லா முதலைகள் அதனை ஒரு மாதத்துக்குள்ளேயே தாண்டிவிடுவர். ஆகவே அக்காட்சி பொய்யன்று. ஆனால் அது கடைசி அத்தியாயம். அட்டையின் வரம்பு முட்டி, தனிநபர் கடன் மறுக்கப்பட்டு, உறவினரிடம் கேட்க நாணி நின்ற பின்னரே இளைஞர் முதலையிடம் செல்கின்றார். கதைகள் கடைசி அத்தியாயத்திலிருந்து தொடங்குவதனால் முதற்கையொப்பம் இட்ட பகற்பொழுது, குளிரூட்டப்பட்ட அறை, பணிவோடு பேனா நீட்டிய பெண், 'வாழ்த்துகள்' என்று சொன்ன குரல் ஆகியன எழுதப்படாமலே போகின்றன. கடன் கிடைத்தமைக்கு வாழ்த்துப் பெற்ற முதல் தலைமுறை இதுவாக இருக்கலாம். அருணாசலக் கவிராயர் காலத்தில் அதற்கு வாழ்த்துச் சொன்னவர் இருந்திருக்கமாட்டார்.

ஆசிரியர் செய்யத்தக்கது யாதெனின், சிக்கனக் கட்டுரையை விட்டுவிடாது, அதன் அருகில் ஒப்பந்தத் தாள் ஒன்றையும் வைத்துப் படிப்பித்தல். அத்தாள் மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கும். அதனைத் தமிழில் விளக்கச் சொற்கள் இல்லை என்று சொல்வார் உளர். முதலாம் இராசராசன் காலத்துத் தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டுகள் கடன் ஒப்பந்தங்களையும் சுமந்து நிற்கின்றன. கோயில் பணத்தை ஊர்ச் சபைகளுக்குக் கொடுத்து, ஒரு காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு பொலிசை என்று கல்லில் வெட்டினர். அரைக்கால் எனின் எட்டில் ஒன்று, நூற்றுக்குப் பன்னிரண்டரை. முதல் எவ்வளவு, பொலிசை எவ்வளவு, கொடுத்தவர் யார், பெற்றவர் யார் என்பதை எழுத்தறிந்த எவரும் சுவர் முன் நின்று படிக்கலாம். ஐந்தாம் படிவ மாணவர் அக்கணக்கை ஒரு மணித்துளியில் செய்வார். அதே மாணவரிடம் மாறா வட்டி 3 விழுக்காடு, 108 தவணை என்றுள்ள தாளைக் கொடுத்து, மெய்யான வட்டி யாதெனக் கேட்டுப் பார்க்கலாம். தமிழ்மொழி வகுப்பும் கணித வகுப்பும் அவ்வொரு பாடத்துக்கு ஒரே அறையில் அமர்ந்தால் குற்றமில்லை.

எழுத்தாளருக்கு வேறோர் அறை இருக்கின்றது. 2006இல் பேங்க் நெகாரா அமைத்த கடன் ஆலோசனை நிர்வாக முகமையில், கடன்பட்டவர் தம் கடன்கள் அனைத்தையும் ஒரே தாளில் வரிசையாக எழுதித் தரவேண்டும். அதுவரை தனித்தனித் தவணைகளாக இருந்தவை அங்கேதான் கூட்டப்படுகின்றன. வாகனம், அட்டை, தங்கையின் திருமணம், தம்பியின் படிப்பு. மொத்தத்தை முதன்முதலாகக் காணும் அந்த நொடியில் அவர் முகம் எப்படி மாறுகின்றது என்பதைத் தமிழில் எழுதிக் காட்டும் கதைக்கு அப்பழைய உவமையும் மீண்டும் விளங்கத் தொடங்கும்.